அம்மாவுக்கு வைரத்தோடு: 60 சென்ட்டா, ஒரு காரட்டா?

கேள்வி: வருகிற தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்மா இதுவரை வைரம் போட்டதே இல்லை. நானும் அக்காவும் சேர்ந்து அம்மாவுக்குத் தெரியாமல் ஒற்றைக்கல் வைரத்தோடு வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறோம். எங்களிடம் உள்ள பணத்துக்கு இரண்டு காதுக்கும் சேர்த்து 60 சென்ட்டில் நல்ல கல் வரும், ஒரு காரட் வேண்டுமென்றால் கொஞ்சம் மஞ்சளடித்த சுமாரான கல்தான் வரும் என்று கடையில் சொன்னார்கள். சபையில் நாலு பேருக்குத் தெரிய வேண்டும், ஒரு காரட்டே வாங்கு என்கிறாள் அக்கா. அம்மாவுக்குச் சின்னக் காது. வருஷக்கணக்காக ஒரே தங்கத்தோடு போட்டதில் துளை வேறு நீண்டு கீழே இறங்கியிருக்கிறது. எந்த சைஸ் வாங்கினால் நன்றாக இருக்கும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: துளை நீண்டிருக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்த 60 சென்ட், ஒரு காரட் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அக்காவும் நீங்களும் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சபையில் கண்ணுக்குத் தெரியப்போவது கல்லின் அகலம்.

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதுதான் 100 சென்ட். கடையில் "ஒரு காரட் தோடு" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு காதுக்கும் சேர்த்துத்தான், அதாவது காதுக்கு 50 சென்ட். நன்றாகப் பட்டை தீட்டிய 50 சென்ட் வட்டக் கல் மேலிருந்து பார்த்தால் சுமார் 5.1 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் 60 சென்ட் ஜோடியில் காதுக்கு 30 சென்ட், அதன் அகலம் சுமார் 4.3 மில்லிமீட்டர். வீட்டில் பிள்ளைகளின் ஸ்கேல் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே அடங்கிவிடும். கல் பெரிதாகும்போது அகலத்தில் மட்டும் வளருவதில்லை, ஆழத்திலும் சேர்ந்து வளரும், அதனால் எடை இரண்டு மடங்கானாலும் அகலம் கால் பங்குதான் கூடும். விலை அப்படி இல்லை. 30, 50, 100 சென்ட் என்ற படிகளைத் தொடும்போது சென்ட்டுக்கு உண்டான ரேட்டே உயர்ந்துவிடும், அதனால் காதுக்கு 50 சென்ட் கேட்கும் இடத்தில் காதுக்கு 46, 47 சென்ட்டில் ஜோடி இருக்கிறதா என்று கேட்பது நல்ல பழக்கம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இன்னொரு விஷயம், ஒரே 50 சென்ட்டில் இரண்டு கல்லை வைத்தால் அகலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது இல்லை. எடை குறையக் கூடாது என்பதற்காக அடிப்பக்கத்தை ஆழமாக விட்டுப் பட்டை தீட்டிய கல் உண்டு, அது தராசில் 50 காட்டும், காதில் 45 மாதிரி தெரியும், வெளிச்சமும் சரியாகத் திரும்பி வராது. ஆகவே வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ, ஐஜிஐ ஆய்வகங்களின் சர்டிஃபிகேட்டில் எடைக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவு போட்டிருக்கும், அதைப் படியுங்கள். கட், அதாவது பட்டை தீட்டிய தரம், என்ற இடத்தில் எக்ஸலன்ட் என்று இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்தில் போட்டிருப்பார்கள், போகப் போக மஞ்சள் கூடும், ஜி, ஹெச் போதும், மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் ஐ கூடப் பரவாயில்லை. உள்ளே இருக்கும் புள்ளி விஷயத்தில் விஎஸ்2 என்ற தரம் தாராளம், அதற்கு அடுத்த படியான எஸ்ஐ1 கூட வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் எடுக்கலாம். அம்மாவின் காதருகே லென்ஸ் வைத்து யாரும் பார்க்கப்போவதில்லை, ஒரு கை தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அந்தத் தூரத்தில் முக்கால் மில்லிமீட்டர் தெரியாது, ஆனால் ஒரு கல் ஜொலிக்கிறதா, மங்கலாக இருக்கிறதா என்பது மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சித்திக்கும் தெரியும். மஞ்சளடித்த ஒரு காரட்டா, நல்ல 60 சென்ட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு 60 சென்ட் என்பேன்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்குங்கள், வெள்ளைக் கல் வைத்த பொட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கேலை வைத்து அளந்து, நாலேகால் மில்லிமீட்டர் அளவில் ஒன்று, ஐந்து மில்லிமீட்டரில் ஒன்று எடுத்து அக்காவின் காது மடலில் ஒரு பக்கம் சின்னது, மறு பக்கம் பெரியது ஒட்டி, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் அவரை நிற்க வைத்துப் பாருங்கள். எது எந்தக் காதில் என்று சொல்ல உங்களுக்கே நேரம் பிடிக்கும். ஏடி கல் (அமெரிக்கன் டைமண்ட் என்கிற செயற்கைக் கல்) வைத்த கவரிங் தோட்டை வைத்தும் பார்க்கலாம், ஆனால் அதிலும் மில்லிமீட்டரைத்தான் பார்க்க வேண்டும், அந்தக் கல் வைரத்தைவிடக் கனமானது, காரட் கணக்கு ஒத்துவராது.

சரி, அக்காவின் ஆசை இருக்கிறதே, சபையில் தெரிய வேண்டும் என்பது, அதை நான் தப்பாகவே நினைக்கவில்லை. அறுபதாம் கல்யாணத்தில் எல்லோர் கண்ணும் அம்மா மேல்தான் இருக்கும், முதல் முதலாகப் போடும் வைரம் பளிச்சென்று தெரியட்டுமே. அதற்கு வழி ஒற்றைக்கல்லைப் பெரிதாக்குவது இல்லை, ஏழு கல் தோடு. அதே 60 சென்ட்டைப் பதினாலு கல்லாகப் பிரித்தால் ஒரு கல் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும், அகலம் சுமார் 2.2 மில்லிமீட்டர். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று கட்டினால் குறுக்கே மூன்று கல், தங்கத்தோடு சேர்த்து ஏழரை, எட்டு மில்லிமீட்டர் வந்துவிடும். ஒற்றைக்கல்லில் எட்டு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் காதுக்கு இரண்டு காரட் கிட்டே போக வேண்டும், யோசித்துப் பாருங்கள். சின்னக் கல்லுக்குக் காரட் ரேட்டும் குறைவு. நம் பாட்டிமார்கள் ஏழு கல் தோட்டுக்கு ஏன் அப்படி உயிரை விட்டார்கள் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். இதில் தங்கம் கூடுதலாகப் பிடிக்கும், செய்கூலியும் அதிகம். அடைத்துக் கட்டுகிற பழைய முறையில் பின்பக்கம் மூடியிருக்கும். அதில் எண்ணெய் இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது, கல் மங்கிவிடும். தினமும் போடுபவருக்குப் பின்பக்கம் திறந்த கட்டுத்தான் சரி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

இப்போது காதுக்கு வருவோம். துளை நீண்டு போன காதில் 4.3 மில்லிமீட்டர் ஒற்றைக்கல்லைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? தண்டு துளையின் அடிக்கு வழுக்கிக்கொண்டு போய் நிற்கும், கல்லுக்கு மேலே நீண்ட துளை கோடு மாதிரி தெரியும், கல்லின் முகம் குனிந்து தரையைப் பார்க்கும். வைரம் நேராக நின்றால்தான் எதிரே இருப்பவர் கண்ணுக்கு ஒளி போகும். குனிந்துவிட்டால் நீங்கள் கொட்டிக் கொடுத்த காசு தெரியவே தெரியாது. இதற்குக் கல்லின் எடை காரணம் என்று நினைக்காதீர்கள், 30 சென்ட் கல் 60 மில்லிகிராம்தான். துளை இளகியிருப்பதும், கல்லை உயரமாகத் தூக்கிக் கட்டியிருப்பதும்தான் காரணம். ஐந்து மில்லிமீட்டர் கல் இன்னும் ஆழமானது, இன்னும் முன்னால் துருத்தும், அப்படியானால் அது இன்னும் அதிகமாகக் குனியும். ஏழு கல் தோடு நீண்ட துளையை மறைத்துவிடும்தான், ஆனால் அதன் தங்கத்தின் கனம் துளையை மேலும் இழுக்கும், கொஞ்ச நாளில் மடல் அறுந்துகூடப் போகலாம்.

அதனால் முதலில் துளையைச் சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் டாக்டர்கள் காது மடலை மட்டும் மரத்துப்போக வைத்து, நீண்ட துளையைத் தைத்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆறிய பிறகு தழும்பு இல்லாத இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும், அதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ விடச் சொல்வார்கள், புதுத் துளை ஆறவும் நாள் பிடிக்கும். தை மாதத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று டாக்டரிடமே சொல்லிக் கேளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் நடக்காது. எனக்குத் தெரியும், முகூர்த்தத்தன்று டப்பாவைத் திறந்து காட்டி அம்மா முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பீர்கள். ஆனால் இது புடவை இல்லை, காதில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள். தவிர, வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று நம்புகிற குடும்பங்கள் நிறைய, உங்கள் அம்மாவும் அப்படி நினைப்பவராக இருந்தால் மண்டபத்தில் திடீரென்று நீட்டினால் அவர் சந்தோஷப்படுவதற்குப் பதில் கலங்கிப் போவார். இப்போதே சொல்லிவிடுங்கள்.

புதுத் துளை குத்தும்போது இடம் முக்கியம். துளையிலிருந்து மடலின் கீழ் ஓரம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், தோட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால்தான் தோடு மடலுக்குள் நிற்கும். எட்டு மில்லிமீட்டர் ஏழு கல்லுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஒற்றைக்கல்லுக்கு இரண்டரை இருந்தாலே போதும், சின்னக் காதுக்கு அது பாந்தமாக உட்காரும். அந்த அளவைப் பார்த்துத்தான் ஒற்றையா ஏழா என்று முடிவு செய்ய வேண்டும். இடம் இருந்தால், நீங்கள் சொல்லும் விசேஷத்துக்கு, என் ஓட்டு ஏழு கல்லுக்கு. இடம் குறைவென்றால் 30 சென்ட் ஒற்றைக்கல், மடலோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டியது, அழுத்தி மாட்டும் மெல்லிய கம்பி வேண்டாம், நம் ஊர் திருகுத் தண்டு, பின்னால் அகலமான சுரை. வெளிநாட்டு மாடல் தோடுகளில் தண்டு மெல்லிசு, ஆசாரியிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

கடையில் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று லேசாக நீலமடித்து மற்றது அடிக்காமல் இருந்தால் ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். பெரியவர்கள் யாராவது ப்ளூ ஜாகர் கேட்கச் சொல்வார்கள், தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்துக் கல்லின் பெயர் அது, அந்தச் சுரங்கம் மூடி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்று அந்தப் பெயரில் காட்டுவது பெரும்பாலும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் வேறு கல்தான், பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தில் இதே பணத்துக்குப் பெரிய கல் கிடைக்கும், அதுவும் வைரம்தான், ஆனால் பின்னால் மாற்றப் போனால் கையில் வருவது மிகக் குறைவு, வாங்கினால் அம்மாவிடம் சொல்லி வாங்குங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். தங்கத்துக்குப் பணம் போடும்போது கல்லின் எடையைக் கழித்த எடைக்குத்தான் போட வேண்டும், தோட்டில் தங்கத்தின் தரத்துக்கான ஹால்மார்க்கும் அதன் ஆறு எழுத்து ஹெச்யுஐடி அடையாளக் குறியும் இருக்க வேண்டும், கல்லின் எடையும் நிறமும் தரமும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

முன்பணம் எதுவும் இன்னும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டாக்டர் நாள் சொல்லட்டும், அப்புறம் அம்மாவையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.