ஹீட்டருக்கு டேப் ஒட்டிய வீட்டுக்காரர்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 5 பேர் ஒரே வீட்டில் அறை எடுத்திருக்கிறோம். கரண்டு பில் ஏறுகிறது என்று வீட்டுக்காரர் ஹீட்டர் சுவிட்சில் டேப் ஒட்டிவிட்டார். இரவு ஷிப்டு முடிந்து பச்சைத்தண்ணீரில் குளிக்கிறேன். கேட்டால், "காலி பண்ணு" என்கிறார்.

பதில்: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) விறகடுப்பு வெந்நீரில் வளர்ந்தவள் நான், அந்த விடியற்காலைக் குளிர் எனக்குத் தெரியும், தம்பி. வாடகை பேசும்போது இருந்த ஹீட்டரை இப்போது நிறுத்துவது நியாயமே இல்லை. 3.6 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். 5 பேருக்கு, ஆளுக்கு ஒரு குளியல் என்றால் மாதம் 90 யூனிட். இதை வாட்சாப்பில் எழுதி அனுப்பி, பங்கு போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். வாடகைக்காரரை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. அதற்கு மலேசியாவில் 1950ஆம் ஆண்டுச் சட்டமே (Specific Relief Act) இருக்கிறது. டேப்பை மட்டும் நீங்களாகப் பிய்க்காதீர்கள். மின்கசிவுக்காக ஒட்டியிருந்தால்? முதலில் வயர்மேன் பார்க்கட்டும்.