நளன் கதையும் ஃபைஸியின் முடிவும்

அன்புள்ள ஐயா,

கதைக்குள் கதை சொல்லும் உத்தி இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸியின் ‘நல்-தமன்’ காவியம் நம் நளன் கதையைப் பாரசீகத்தில் திருப்பிச் சொன்னதுதானே? அமைப்பில் அவர் புதிதாக என்ன செய்துவிட்டார்?

செ., மதுரை

அன்புள்ள செ.,

கதை நம்முடையதுதான். ஆனால் அதைக் கேட்கிற ஆள் மாறிவிட்டார். அதனால் முடிவும் மாறிவிட்டது.

மகாபாரதத்தில் நளன் கதை தனியாக நிற்பதில்லை. சூதில் நாட்டைத் தோற்று, ‘என்னைவிடத் துன்பப்பட்ட அரசன் உண்டா’ என்று காட்டில் புலம்பும் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் சொல்லும் ஆறுதல் அது. ஆகவே நளனும் சூதில் தோற்க வேண்டும். பிறகு அதே சூதில், தன்னைத் தோற்கடித்த தம்பி புஷ்கரனை வென்று நாட்டை மீட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தருமனுக்கு அதில் என்ன ஆறுதல்?

அக்பர் சொல்லி 1594-இல் ஃபைஸி இதைச் சுமார் 4,000 ஈரடிகளில் எழுதியபோது தருமனும் இல்லை, முனிவரும் இல்லை. பாரசீகப் பெருங்கவிஞர் நிஜாமியின் ஐந்து காவியங்களுக்கு ஈடாகத் தானும் ஐந்து எழுதிவிட வேண்டும் என்பது ஃபைஸியின் ஆசை. அதில் ‘லைலா மஜ்னூன்’ என்ற சோகக் காதல் காவியம் இருந்த இடத்தில் நளனை உட்காரவைத்தார். சந்தம்கூட அதே சந்தம்தான். அந்த இடத்துக்கு வந்துவிட்ட கதை, நாடு கிடைத்ததும் சுபம் போட்டு முடிய முடியாது. நளன் முதுமையில் முடியைத் துறந்து இறக்கிறான். தமயந்தி அவன் சிதையில் ஏறுகிறாள். நிஜாமியில் லைலாவின் கல்லறையில் மஜ்னூன் உயிர்விடுகிறான் அல்லவா, இங்கே வரிசை மட்டும் புரண்டிருக்கிறது.

ஃபைஸியை வாய்க்கு வந்தபடி ஏசிய அக்பர் கால வரலாற்றாசிரியர் பதாயூனிகூட, கவிஞர் அமீர் குஸ்ரோவுக்குப் பின் முந்நூறு ஆண்டுகளில் இந்தியாவில் இப்படியொரு மஸ்னவி (ஈரடிகளால் ஆன நெடுங்கவிதை) வந்ததில்லை என்று எழுதிவைத்தார். வேண்டாதவர் வாயிலிருந்து வந்த சான்றிதழ்!

சரி, எனக்குப் பிடித்ததா? காவியமாகப் பிடிக்கும், முடிவு பிடிக்காது. மூலத்தில் தமயந்தி எப்படிப்பட்டவள்! மறுநாளே இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்திக்குப் பொய்ச்செய்தி அனுப்புகிறாள். ஒரே பகலில் அவ்வளவு தூரம் தேரோட்ட நளன் ஒருவனால்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அயோத்தி அரசன் ருதுபர்ணனின் தேரோட்டியாக ஒளிந்திருந்தவன் அப்படித்தான் பிடிபடுகிறான். இவ்வளவு கெட்டிக்காரியைக் கடைசியில் நெருப்பில் இறக்குவதற்கு மஸ்னவி மரபு காரணமாக இருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை.