ஒரு வருடப் படிப்புக்கு எட்டு இலட்சம் ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன், வயது 22. பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடத்தை முடித்து, சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் 45,000 ரூபா சம்பளத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அப்பா இல்லை, கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி, தங்கை உயர்தரம் படிக்கிறாள். சங்கிலியும் ஒரு சோடிக் காப்பும் அடகில் உள்ளன. பேராதனையில் எனக்கு மாதம் 15,000 ரூபா செலவாகிறது. படிப்பை விட்டுவிடவா?

பதில்: தம்பி, விட வேண்டாம், ஆனால் சிறப்புப் பட்டத்தை விட்டுவிட்டு, மூன்று வருடப் பொதுப் பட்டத்துடன் வெளியேற இடமுண்டா என்று பீடத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை என்பதால் படிப்பு இலவசம் என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையான விலை நீங்கள் உழைக்காமல் விடும் சம்பளம். 45,000 ரூபாவுக்கு மேல், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் (5,400 ரூபா) ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் (1,350 ரூபா) செலுத்த வேண்டும். ஆக மாதம் 51,750 ரூபா. பேராதனைச் செலவையும் சேர்த்தால், பொதுப் பட்டத்துக்கு மீதமுள்ள ஒரு வருடத்துக்கு 8,01,000 ரூபா. பட்டத்தால் பின்னாளில் மாதம் 15,000 ரூபா கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகை ஏறக்குறைய நாலரை வருடத்தில் திரும்பிவிடும். சிறப்புப் பட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்பதால் திரும்ப ஒன்பது வருடம் ஆகும். விரிவுரையாளராக விரும்புகிறவருக்கு அது தகும், உங்கள் வீட்டு நிலைமைக்குத் தகாது. பாதியில் நிறுத்தினாலோ, கழிந்த இரண்டு வருடங்களுக்கு பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் பெறுமதி இராது.

இனி அந்த ஒரு வருடத்தைத் தாண்டும் வழி. அடகு வட்டியைக் கட்டிக் கட்டி, கடைசியில் இரண்டு நகைகளையும் ஏலத்தில் இழந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். காப்பை விற்று, அந்தப் பணத்தில் இரண்டு அடகையும் தீர்க்க முடியுமா என்று இன்றைய தங்க விலையில் கணக்குப் பாருங்கள். அம்மாவுக்கு இது மனவருத்தமாகத்தான் இருக்கும். தங்கைக்கென்று வைத்த நகையாகவும் இருக்கலாம். ஆனால் வட்டி நின்றால் அவர் வலியோடு மலையேறும் நாட்களைக் குறைக்கலாம்.

அம்மா வேலைக்கே போக முடியாத நிலை என்றால் என் பதில் மாறும். அப்போது தொழிற்சாலை வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. இரவு முழுவதும் கொழுந்து வாடும் பதத்தைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்பவருடைய அறிவும் படித்து வந்த அறிவுதான். 15 பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் (வேலையை விட்டு விலகும்போது தரும் தொகை) உரித்தாகும். அப்படிப் போவதானாலும் விரிவுரைக்குச் செல்லாமல் நின்றுவிடாதீர்கள். பீடாதிபதிக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கல்வி விடுப்பு பெற்றுக்கொண்டே வெளியே வாருங்கள்.

எந்த முடிவை எடுத்தாலும், முதலில் தொழிற்சாலைக்குப் போய் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். "நிரந்தரம்" என்று வாயால் சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் கைக்காசுக்கு வேலை வாங்குவது நம் பக்கத்தில் நடக்கிறது. கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி (கொடுப்பனவு) எவ்வளவு, சேமலாப நிதி எந்தத் தொகைக்குச் செலுத்தப்படும் என்பன தெளிவாக இருக்க வேண்டும். அவர்கள் அதைத் தரத் தயங்கினால், மேலே நான் போட்ட கணக்கில் 51,750 என்ற எண்ணை அழித்துவிட்டு, கையில் உண்மையாகக் கிடைக்கும் தொகையை எழுதி மறுபடியும் கூட்டிப் பாருங்கள்.