தாலி கட்டியதற்குச் சான்று இல்லை. கணவர் சொத்தில் பங்கு கேட்க முடியுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். 2001-இல் திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். பதிவு செய்யவில்லை, போட்டோவும் இல்லை. குழந்தைகள் இல்லை. சில மாதங்களுக்கு முன் அவர் காலமானார். அவர் சம்பாதித்து வாங்கிய வீடும் வங்கி டெபாசிட்டும் அவர் பெயரில் உள்ளன. "சேர்ந்து வாழ்ந்தவள்தான், மனைவி இல்லை" என்று சொல்லி, அவருடைய தம்பிகள் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மாமியார் உயிருடன் இருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: தாலி கட்டிய நாளில் உங்கள் இருவரில் யாருக்காவது விவாகரத்து ஆகாத துணை உயிருடன் இருந்ததா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது செல்லாத திருமணம். மனைவி என்ற முறையில் பங்கு கிடையாது. இல்லையென்றால் தைரியமாக வழக்குப் போடலாம்.

சேர்ந்து வாழ்ந்தாலே திருமணம் ஆகிவிடும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. நெடுங்காலம் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குத் திருமணம் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், அவ்வளவுதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு இதற்கு இடம் தந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 119-ஆம் பிரிவு. சுமார் 50 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதி பற்றிய பத்ரி பிரசாத் வழக்கில் (1978), இல்லை என்று மறுப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2022-இல் கேரளத்துக் கட்டுக்கண்டி வழக்கிலும் அதையே வலியுறுத்தியது.

இங்கேதான் பல வழக்குகள் சறுக்குகின்றன. "இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தோம்" என்று மட்டும் வழக்குரையில் எழுதினால் அது எதிர்த்தரப்புக்கே உதவும். எந்த மாதம், எங்கே, யார் யார் முன்னிலையில் தாலி கட்டினார் என்று எழுதுங்கள். கோயில் அலுவலகம் திருமணக் கட்டணத்துக்கு ரசீது போட்டிருக்கக்கூடும். அந்த ஆண்டின் அடிக்கட்டையோ பதிவேடோ இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆவணங்களில் எடை கூடியவை, தகராறு வருவதற்கு முன்பு உங்கள் கணவரே எழுதிக் கொடுத்தவை. எல்ஐசி பாலிசி, பிஎஃப் நாமினி படிவம், வேலை பார்த்த இடத்துப் பதிவேடு ஆகியவற்றில் "உறவு: மனைவி" என்று இருக்கிறதா பாருங்கள். ரேஷன் கார்டு, உங்கள் பெயருக்கு நேரே "கணவர் பெயர்" அச்சான பழைய வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல், அவரை அட்மிட் செய்தபோது மனைவி என்று நீங்கள் கையெழுத்திட்ட ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாம் சேரும். உறவினர் வீட்டு மொய் நோட்டில் இருவர் பெயரும் சேர்ந்திருந்தால் அதையும் விடாதீர்கள்.

கருமாதிப் பத்திரிகை கையில் இருக்கிறதா? தம்பிகள் அச்சடித்த அதில் உங்கள் பெயர் "மனைவி" என்று வந்திருந்தால், அது அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதுபோல. அசல் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அவர் இறந்த பிறகு நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்துக்கு அத்தனை மதிப்பில்லை. முன்தேதியிட்ட காகிதம் எதையும் தயவுசெய்து தயாரிக்காதீர்கள், முழு வழக்கும் கெட்டுவிடும். செல்போன் படங்களைக் கொடுப்பதானால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் நீங்கள் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும்.

சாட்சிக்கு இரண்டு மூன்று பேர் போதும். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களை ஜோடியாக அழைத்த அக்கம்பக்கத்தாரும் அவர் வழி உறவில் ஒருவரும் இருந்தால் நல்லது.

நீங்கள் மனைவி என்று தீர்ப்பானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்குப் பாதி, மாமியாருக்குப் பாதி. தாயும் மனைவியும் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கும்போது தம்பிகளுக்குப் பங்கே இல்லை. நீங்கள் மனைவி இல்லை என்றால் முழுச் சொத்தும் மாமியாருக்குப் போய், அவர் வழியாகத் தம்பிகளுக்கு வரும். தகராறின் வேர் இதுதான். அதனால் மாமியாரைக் கட்டாயம் பிரதிவாதியாகச் சேருங்கள். அவர் சேர்க்கப்படாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு நிற்காது.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்று உரிமையை முடிவு செய்யாது. உங்களை விட்டுவிட்டு அவர்கள் வாங்கியிருந்தாலும் பதற வேண்டாம். டெபாசிட்டுக்குத் தம்பி நாமினியாக இருந்தால், அவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் தர வேண்டியவர் மட்டுமே. நீங்கள் மனைவி என்ற விளம்புகை (நீதிமன்றம் உரிமையை அறிவிப்பது), பாகப்பிரிவினை, வெளியேற்றத் தடை மூன்றையும் ஒரே வழக்கில் கடலூர் சிவில் நீதிமன்றத்தில் கேளுங்கள். விளம்புகைக்குக் காலக்கெடு, உங்கள் உரிமையை மறுத்த நாளிலிருந்து 3 ஆண்டு. அடிக்கடி வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது வீட்டை விற்றாலும் வாங்கியவரைத் தீர்ப்புக் கட்டுப்படுத்தும்.

வக்கீல் கட்டணம் கட்ட முடியாவிட்டால், கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒன்று: குடும்பம் 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் வழியினதாக இருந்தால், மேலே சொன்ன இந்துச் சட்டங்கள் பொருந்தா. பழைய பிரெஞ்சுப் பதிவுகளோடு புதுச்சேரி வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.