பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா? மன அழுத்தமும் உடலும்: கேள்வி பதில்

கேள்வி: காலையில் எழும்போதே தாடை வலிக்கிறது, காதோரம் தெறிக்கிறது. பல்லில் குறை இல்லை என்கிறார் பல் மருத்துவர்.

பதில்: யாராவது இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இயன்முறை மருத்துவராக நான் பார்த்தவரை, தோள் வலி என்று வருகிறவர்களில் பலருக்குத் தாடையும் இறுகிக் கிடக்கிறது. இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடக் கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டும்.

வேலை நெருக்கும்போது தெரியாமலே கடித்துக்கொள்கிறோம். கன்னத்துத் தசை மணிக்கணக்கில் இறுகினால் வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். அதனால் போனைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பல் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் விலக்குங்கள், தோளையும் கீழே இறக்குங்கள். முதல் சில நாள் எத்தனை முறை கடிக்கிறோம் என்று தெரிந்து மலைப்பாக இருக்கும். அது நல்ல அறிகுறி, கவனிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். தூக்கத்தில் கடிக்கிறீர்கள் என்றால் தூங்கும்போது பல்லுக்குப் போடும் நைட் கார்டு என்ற உறை பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தலையைச் சுற்றித் துணி கட்டி இறுக்கியதுபோல் வலி. தினமும் மாத்திரை போடுகிறேன்.

பதில்: வலியைவிட மாத்திரைதான் எனக்குக் கவலை. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் சில மாதம் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறது.

பதில்: தோல் மருத்துவரைப் பாருங்கள். பெரிய அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட முடி கொட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பதற்றம் வந்தால் விரல் நுனி மரத்து, தலை சுற்றுகிறது.

பதில்: வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மரத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். ‘ஆழமா மூச்சு இழு’ என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்காதீர்கள். இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவானால் போதும். அடிக்கடி வந்தால் காரணம் வேறா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: எனக்கு அல்சர். எல்லாம் டென்ஷனால் வந்தது என்கிறார் அம்மா.

பதில்: முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்தார்களா? பெரும்பாலான அல்சருக்கு அந்தக் கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: அப்படியானால் மனசுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா? பரீட்சை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறதே!

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. பதற்றத்தில் இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடல் வேகமாகிறது. கலக்கல் நிஜம். கலக்கல் வேறு, புண் வேறு.

கேள்வி: கிருமி பலருக்கும் இருக்கிறது, புண் சிலருக்குத்தானே? அழுத்தம்தான் மிச்சக் காரணம்.

பதில்: நியாயமான வாதம். கிருமியின் வகை, புகைப்பழக்கம், அழுத்தம் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கிருமி இருப்பவருக்கு ‘மனசை லேசாக வைத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பினால் புண் ஆறாது. மருந்து கொடுத்தால் ஆறும். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கழுத்து, தோள் எல்லாம் கல்லாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இதே கேள்வி எனக்கு வருவது இது நான்காவது முறை. தாடை பற்றிய முதல் பதிலைப் படியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கேள்வி: நெஞ்சு இறுக்கம், டென்ஷன்தானே?

பதில்: நெஞ்சு இறுக்கத்துக்கு டென்ஷன் என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். ஈசிஜி எடுத்து, இதயக் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு என்னிடம் வாருங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரமாக இடது தோளிலிருந்து கை வரை வலி, வியர்க்கிறது. மசாஜ் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.