மூங்கில் அரிசி நிஜமாகவே மூங்கிலில் விளைகிறதா? ஏன் இவ்வளவு விலை?

மூங்கிலில்தான் விளைகிறது. மரம் என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, நெல், கோதுமை மாதிரி மூங்கிலும் புல் இனம்தான். பூத்தால் கதிர் வரும், கதிரில் மணி பிடிக்கும். ஆனால் நம் காட்டு முள்மூங்கில் பூக்க ஏறக்குறைய 40 ஆண்டு ஆகும். ஒரு வட்டாரத்துப் புதர்கள் பெரும்பாலும் சேர்ந்தாற்போல் பூத்து, மணியை உதிர்த்து, அத்தோடு காய்ந்து செத்துவிடும். விலைக்குக் காரணம் இதுதான்.

எனக்கு நீலகிரிக் கூடலூர் பக்கம். ஓடைக்கரை மூங்கில் பூத்த வருஷம், பக்கத்துப் பாடியில், அதாவது பழங்குடிக் குடியிருப்பில், இருந்த பணியர் இனப் பாட்டி ஒருவரோடு மணி எடுக்கப் போனேன். கதிரை யாரும் அறுப்பதில்லை. பாட்டி முந்தின நாளே புதரடியில் கிடந்த முள்ளையும் சருகையும் ஒதுக்கித் தரையைச் சுத்தமாக்கி வைத்திருந்தார். ராத்திரிக் காற்றில் உதிர்ந்ததை விடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டி, முறத்தில் அள்ளிப் புடைத்தார். மண்ணும் பதரும் போக மிஞ்சியது முறத்தின் ஒரு மூலைக்குத்தான் இருந்தது. நெல்லை விட ஒல்லியான மணி. உமியை உரித்தால் கோதுமை போல ஒரு பக்கம் கோடு. "எல்லாத்தையும் கூட்டாதே, முளைக்கட்டும்" என்று ஓரத்தில் கொஞ்சம் விட்டு வந்தார். அடுத்த மழைக்கு அங்கே நாற்றங்கால் மாதிரி பச்சை.

இது புதுசாகக் கிளம்பிய ஆரோக்கிய உணவு இல்லை. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகளைக் கபிலர் புறநானூறு 109-இல் சொல்கிறார். பலா, வள்ளிக்கிழங்கு, தேன் எல்லாவற்றுக்கும் முன்னால், முதலாவதாக நிற்பது "சிறியிலை வெதிரின் நெல்". வெதிர் என்றால் மூங்கில். மூவேந்தர் முற்றுகையிட்டாலும் மலை பசியில் பணியாது என்று அவர் நம்பியதற்கு இந்த மணியும் ஒரு காரணம். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முறம்தான் கண்ணில் நிற்கும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பளீரென்ற பச்சையில், உருண்டையான அரிசி வடிவில் இருந்தால் அது மூங்கில் சாற்றில் ஊறிய சாதாரண அரிசியாக இருக்கலாம். அசல் மணி மங்கலாக, ஒல்லியாக, கோட்டோடு இருக்கும். சரி, சமைப்பதற்கு: இரவே ஊறப்போட்டு விடுங்கள், இல்லாவிட்டால் வேகவே வேகாது. எங்கள் வீட்டில் குழைய வேகவிட்டு, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கஞ்சியாகக் குடிப்போம்.