பதில்: சென்னை அருகே முட்டுக்காடு காயலில் நவம்பரில் பறவை குறைவு, பிப்ரவரியில் கூட்டம். என் கணக்கு தப்பா?

உங்கள் கணக்கு தப்பு இல்லை. பறவைகளின் வலசை அக்டோபருக்கு முன்பே தொடங்கிவிடும் என்று நீங்கள் சொன்னதும் சரிதான். நீங்கள் எழுதி வைக்காமல் விட்டது தண்ணீர் மட்டத்தை.

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் எல்லாம் சேற்றிலும் கணுக்கால் நீரிலும் மேய்பவை. வடகிழக்குப் பருவமழையில் காயல் நிரம்பினால் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. ஆழம் குறைந்த வேறு இடம் தேடிப் போய்விடும். மழை ஓய்ந்து நீர் வடிந்ததும் சேறு வெளிப்படும், கூட்டமும் திரும்பும். முகத்துவாரத்து மணல்திட்டு திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதும் மட்டத்தை மாற்றும். அதனால் நவம்பர் எண்ணை வைத்து 'பறவைகள் குறைந்துவிட்டன' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

இனி ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே நேரத்தில், ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) ஒரே நிலையில் இருக்கும்போது எண்ணுங்கள். ஓர் அடையாளக் கம்பு நட்டு நீர்மட்டத்தையும் குறியுங்கள். காலையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பாலத்திலிருந்து மேற்கே பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும், நிறம் தெரியும். லாரிகள் மட்டும் ஜாக்கிரதை.

பெரிய கூட்டமென்றால் ஐம்பது பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவாலேயே நகர்ந்து போங்கள். இனம் பிடிபடாத குட்டி உள்ளான்களை 'இனம் தெரியாத உள்ளான்' என்றே போடுங்கள். ஊகித்து எழுதினால் எத்தனை வகை இனங்கள் என்ற கணக்கே கெட்டுவிடும்.

அப்புறம், ஒரே மாதத்தில் பலமுறை எண்ணியவற்றைக் கூட்டியிருக்கிறீர்கள். அதே பூநாரையை நாலு தடவை எண்ணியிருப்பீர்களே! மாத உச்ச எண்ணிக்கையையோ சராசரியையோ கொடுங்கள்.